மூன்றில் இரண்டு

வாசலில் நின்று குடையை மடக்கும்போதே அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. பின்னறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பழைய விசிறி, ஒவ்வொரு சுற்றுக்கும் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் போடும். அந்த அறையில் யாரும் படுப்பதில்லை. கால் உடைந்த நாற்காலி, இஸ்திரிப் பெட்டி, கணவனின் மருந்துக்கடையிலிருந்து வந்த காலி அட்டைப்பெட்டிகள், பழைய போர்வைகள், இவைதான் அங்கே குடியிருந்தன. இத்தனை மழையில், இந்தக் குளிரில், அட்டைப்பெட்டிகளுக்கு யார் விசிறி போட்டுவிட்டது என்று தனக்குள் சிரித்துக்கொண்டே அவள் கதவைத் தள்ளப் போனாள்.

"தொறக்காத," என்று சமையலறையிலிருந்து தலையை நீட்டினான் கணவன். குரலைத் தாழ்த்திக்கொண்டிருந்தான். "அண்ணன் இப்பத்தான் கண்ணசந்தாரு."

"எந்த அண்ணன்?"

"எந்த அண்ணனா? எனக்கென்ன ஊர்ப்பட்ட அண்ணனா இருக்காங்க?"

அவனுக்கு அண்ணனே கிடையாது. ஒற்றைப் பிள்ளை. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாததால் தன்னைக் கட்டிக்கொள்பவளுக்குச் சொந்தக்காரர் தொல்லையும் இல்லை என்று, முதன்முதலில் பேசிய அன்றே அவளிடம் சொல்லிச் சிரித்தவன். இப்போதும் ஏதோ விளையாடுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவன் ஒரு டம்ளரில் தேநீரை எடுத்துக்கொண்டு, ஈரக் காலோடு நிற்கும் அவளைச் சுற்றிக்கொண்டு போய், கதவை ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, உள்ளே சென்று சாத்திக்கொண்டான். கதவு திறந்த அந்தக் கணத்தில் ஒரு வாடை வந்து அவள் முகத்தில் மோதியது. மனித வாடை இல்லை. சூடேறிய தூசியும் பிளாஸ்டிக்கும், அவற்றின் மேல் ஊதப்பட்ட குளிர்காற்றும் கலந்த வாடை. அவள் வேலை செய்யும் கட்டடத்தில், சர்வர்கள் வரிசையாக நிற்கும் கூடத்தில், தினமும் அவள் மூச்சில் இழுக்கும் வாடை.

உள்ளே கணவன் மெல்லிய குரலில் பேசினான். நிறுத்தினான். ஒருவர் பதில் சொல்லி முடிக்கும் நேரம் காத்திருந்தான். பிறகு சிரித்தான்.

அவர்களுக்கு ஒரே மகள். பள்ளியில் ஒரு பெயர் இருந்தாலும் வீட்டில் சிட்டுதான். கூடத்தில் குப்புறப் படுத்துப் பாடப்புத்தகத்துப் படங்களுக்கெல்லாம் மீசை வரைந்துகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எதுவுமே நடக்காததுபோலத் தாய் கேட்டாள்.

"பின்னாடி ரூம்ல யாருடி?"

"யாரும் இல்லையே." சிட்டு பென்சிலை வைத்துவிட்டு அவளிடம் ஒட்டிக்கொண்டாள். "அம்மா, நான் ஸ்கூல்லேருந்து வந்ததுலேருந்து அப்பா அங்க போய்ப் போய்ப் பேசறாரு. உள்ள ஆளே இல்ல. நான் பாத்தேன். எனக்கு பயமா இருக்கும்மா."

சொல்லவே வெட்கமான ஒரு நிம்மதி அவளுக்குள் பரவியது. அப்படியானால் கோளாறு தன்னிடம் இல்லை. மனுஷனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. தூக்கம் கெட்டிருக்கும், கடையில் அலைச்சல் அதிகமாகியிருக்கும். நல்ல மருத்துவரிடம் கூட்டிப் போனால் சரியாகிவிடும்.

கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு வருவதாக அவன் வெளியே போனதும் அவள் பின்னறைக் கதவைத் திறந்தாள். அட்டைப்பெட்டிகள் ஒரு சுவரோரமாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. நடுவில் ஒரு கட்டில். அவர்கள் வீட்டில் அப்படியொரு கட்டில் இருந்ததில்லை. விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துவிடப்பட்டிருந்தது. தேநீர் டம்ளர் காலியாக இருந்தது. விளிம்பில், உதடு படும் இடத்தில், பாலாடை ஒட்டிக் காய்ந்திருந்தது. கணவன் குடித்திருப்பான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தலையணையில் ஒரு பள்ளம் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் மெதுவாக, மிக மெதுவாக மேலெழும்பி, தலையணை தன் பழைய உருவத்துக்கு வந்தது. ஒரு தலை சற்றுமுன்தான் எழுந்ததுபோல.

அன்று அவளும் சிட்டுவும் படுக்கையறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு படுத்தார்கள். கணவன் கோபித்துக்கொள்ளவில்லை. "அண்ணனுக்குத் துணையா நான் அங்கயே படுத்துக்கறேன்," என்று தன் போர்வையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். வீட்டில் இருந்து அந்த விசிறியைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட அது மேல் என்று தோன்றியது. மகளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டே போனாள்.

எந்த வீட்டில் யார் யார் வசிக்கிறார்கள் என்ற விவரத்தை நாடு முழுவதற்குமாகக் காத்துவைக்கும் நிறுவனம் அது. ஒவ்வொரு வீட்டின் விவரமும் மூன்று பிரதிகளாக மூன்று இடங்களில் இருக்கும். ஒரு கட்டடம் மலைமேல். ஒன்று துறைமுகத்தை ஒட்டி. ஒன்று அவள் உட்காரும் இந்தக் கட்டடம். மலை, கரை, நடு என்று அவற்றை அழைப்பார்கள். ஓர் இடம் எரிந்துபோனாலும் மற்ற இரண்டும் இருக்கும் என்பது ஏற்பாடு. சிக்கல் என்னவென்றால், மூன்று பேரிடம் ஒரே சங்கதியைச் சொல்லிவைத்தால் மூவரும் என்றைக்கும் ஒன்றுபோலச் சொல்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. போன வாரம் பெய்த மழையில் மண் சரிந்து மலைக்குப் போகும் கேபிள் அறுந்தது. அது சரியாகும்வரை மலை தனித்தீவாகக் கிடந்தது. ஆனால் சும்மா கிடக்கவில்லை. தனக்கு வந்ததைத் தான் எழுதிக்கொண்டது. மற்ற இரண்டும் தங்களுக்கு வந்ததை எழுதிக்கொண்டன. கேபிள் ஒட்டப்பட்டபோது ஆயிரக்கணக்கான வீடுகளைப் பற்றி மூன்று பிரதிகளும் மூன்று விதமாகப் பேசின. அவற்றுக்குள் சமாதானம் செய்துவைப்பதுதான் அவள் வேலை. அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பஞ்சாயத்து'.

"என்ன பஞ்சாயத்து, பேயறஞ்ச மாதிரி வர?" என்றார் கேபிள் அண்ணன். கட்டடத்தின் வயர்கள் அத்தனையும் அவர் பொறுப்பு. எப்போதும் கழுத்தில் ஒரு வயர் சுருளை மாலை போலப் போட்டுக்கொண்டு திரிவார்.

"தூக்கம் இல்லண்ணே."

மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். வேலையைத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, ஏன் செய்கிறோம் என்று புரியாமலே, தன் வீட்டு விவரத்தைத் தேடி எடுத்தாள்.

கரையில் மூன்று பேர். நடுவில் மூன்று பேர். கணவன், அவள், மகள்.

மலையில் நான்கு பேர்.

நான்காவது வரியில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. உறவு என்ற இடத்தில் மட்டும் எழுதியிருந்தது: குடும்பத் தலைவரின் மூத்த சகோதரர்.

மேலே ஓடும் குளிர்சாதனத்தின் இரைச்சல் திடீரென்று அவளுக்கு மிக அருகில் கேட்டது. கணவன் ஏதோ விண்ணப்பம் போட்டிருப்பான் என்று அறிவு சொன்னது. அவள் பலமுறை செய்த வேலையைச் செய்தாள். மூன்றில் இரண்டு ஒன்றைச் சொன்னால் மூன்றாவதை அதற்கேற்பத் திருத்த வேண்டும். பொத்தானை அழுத்தினாள். மலையில் நான்கு, மூன்றாகியது. மூச்சு விட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தாள்.

நான்கு.

மறுபடி திருத்தினாள். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று. மூன்று. மூன்று. ஒரு முறை இமைத்தாள். நான்கு.

"அண்ணே, இங்க வாங்களேன். மலைல யாரோ திரும்பத் திரும்ப எழுதறாங்க."

அவர் குனிந்து பார்த்தார். மலையில் இருப்பவர்களுக்குப் போன் போட்டுப் பேசினார். வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அங்க யாரும் கையே வைக்கலயாம். அதுவா எழுதுதாம்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்க முயன்றார். "அட, இதுக்குப் போய் ஏன் நடுங்கற? ஒத்த ஆளு எவ்ளோ கத்தினாலும் எடுபடாது. ரெண்டு பேரு உன் பக்கம் இருக்காங்கல்ல?"

"இன்னொண்ணும் மாறிட்டா?"

"மாறிட்டா அப்பறம் அதான் உண்மை. மிச்சம் இருக்கற ஒண்ணத் திருத்திட்டுப் போவோம். இந்த விதிய எழுதினதே நீதானே?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை. கரை என்ற கட்டத்தில் மூன்று என்ற எண் ஒருமுறை மங்கியது. பிறகு அங்கே நான்கு என்று இருந்தது.

மலை மாறியபோது கணவன். இப்போது கரை என்றால்...

அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். நெடுநேரம் மணி அடித்தது. சிட்டுதான் எடுத்தாள்.

"நீ எப்படி வீட்ல இருக்க? ஸ்கூல் இல்ல?"

"மழைன்னு சீக்கிரம் விட்டுட்டாங்கம்மா. அப்பா வந்து கூட்டிட்டு வந்தாரு."

"அப்பாவக் கூப்புடு."

"அப்பா கடைக்குப் போயிட்டாரு."

"உன்னத் தனியா விட்டுட்டா?"

"தனியா எங்க?" சிட்டு சிரித்தாள். பழகிய, கவலையே இல்லாத சிரிப்பு. "பெரியப்பா இருக்காரும்மா."

அவள் பையைக்கூட எடுக்கவில்லை. பேருந்து மழையில் ஊர்ந்தது. கண்ணாடியில் வழியும் நீருக்கு அப்பால் தெருவிளக்குகள் பகலிலேயே எரிந்தன. கடைகளின் வெளிச்சம் சாலைத் தண்ணீரில் நீண்டு, உடைந்து, மறுபடி சேர்ந்தது. பக்கத்து இருக்கையில் ஒருவர் ஈரமாகத் தும்மிக்கொண்டே வந்தார். அந்தத் தும்மலைக் கேட்க அவளுக்கு ஆறுதலாக இருந்தது. இவர் நிஜம். இந்த மழை நிஜம். வீட்டில் மூன்று பேர்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கணவன் அதற்குள் வந்திருந்தான். சாப்பாட்டு மேசையில் அவனும் சிட்டுவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு நாற்காலி, ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பின்னால் தள்ளிப் போடப்பட்டிருந்தது. அதில் யாரும் இல்லை. இரண்டு பேரும் அந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சிட்டு, எழுந்திரு. வா. நாம வெளிய போறோம்."

"ஏம்மா பெரியப்பாகிட்ட மட்டும் பேசமாட்டேங்கற?" என்று மகள் முகம் சுருங்கக் கேட்டாள். "பாவம்மா. உனக்கு என்ன செஞ்சாரு?"

"நேத்து நீதானடி சொன்ன, அங்க ஆளே இல்லன்னு?"

"நானா? எப்போ?"

பொய் சொல்லும்போது சிட்டு மூக்கைத் தேய்ப்பாள். இப்போது தேய்க்கவில்லை. அவள் புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருந்தது. நடை பழகும் வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்த காயம். தாய் அதைத் தொட்டாள்.

"இது எப்படி வந்துச்சு, சொல்லு. அன்னிக்கு யார் உன்னத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது?"

"பெரியப்பா," என்றாள் சிட்டு உடனே. "சட்டையெல்லாம் ரத்தமாயிடுச்சே."

"இல்ல. நான். என் கையில..."

"நீ அன்னிக்கு ஊர்லயே இல்லம்மா," என்றான் கணவன். திட்டவில்லை, நோயாளியிடம் பேசுவதுபோல மிக மென்மையாகப் பேசினான். "நினைச்சுப் பாரு. அண்ணன் இல்லன்னா அன்னிக்கு நம்ம பொண்ணு இல்ல. அவ பொறந்ததும் நீ உடம்பு முடியாமப் படுத்தப்ப நாள் பூரா மடியில வெச்சிருந்தது யாரு? முதல் நாள் ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டது யாரு? எல்லாம் அவருதானே?"

ஓர் ஆளைக் கூடுதலாகச் சேர்ப்பது மட்டுமல்ல இது. அந்த ஆள் செய்ததாக அவர்கள் சொல்வதெல்லாம் அவள் செய்தவை. அவற்றை ஒவ்வொன்றாக அந்த ஆள் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

காலி நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. உட்கார்ந்திருப்பவர் அவள் பக்கம் திரும்பியதுபோல.

மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். சிட்டு வீறிட்டாள். "பெரியப்பா! பெரியப்பா, அம்மாவப் பாருங்க!" கணவன் எழுந்து குழந்தையைத் தன் பக்கம் அணைத்துக்கொண்டான். இருவரும் அவளையே பார்த்தார்கள். இரண்டு பேர். ஒரே பார்வை. அந்த வாடை கூடம் முழுக்க நிறைந்தது. சூடான தூசி. குளிர்காற்று.

அவள் படுக்கையறைக்குள் ஓடித் தாழிட்டாள்.

யோசி. யோசிக்கத் தெரிந்தவள்தானே நீ. மலை தனியாகக் கிடந்தவரை அது தன் கணக்கை விடவில்லையே? யாராலும் அதைத் திருத்த முடியவில்லையே? கேபிள் ஒட்டிய பிறகுதானே கரையும் மாறியது? அப்படியானால் வழி ஒன்றுதான். யாரோடும் தொடர்பு கூடாது. கேட்கக் கூடாது. பேசக் கூடாது. பார்க்கக் கூடாது. போனை அணைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். கதவிடுக்கில் போர்வையைத் திணித்தாள். மருந்துக்கடைப் பஞ்சு அலமாரியில் இருந்தது. கிள்ளி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். விடியும்வரை தாக்குப்பிடித்தால் போதும். கேபிள் அண்ணனைக் கூட்டி வரலாம். யாரையாவது கூட்டி வரலாம்.

பஞ்சையும் தாண்டி ஏதோ அதிர்ந்தது. கதவைத் தட்டும் அதிர்வு. முதலில் கணவனின் தட்டல். பிறகு சிறிய கை. பிறகு மூன்றாவதாக ஒன்று, அவசரமே இல்லாமல், கதவின் மேல் உள்ளங்கையை வைத்து எடுப்பதுபோல. பிறகு எல்லாம் நின்றது.

அவள் தனக்குத் தெரிந்ததை வாய்க்குள் சொல்லத் தொடங்கினாள். வீட்டில் மூன்று பேர். அவர் ஒற்றைப் பிள்ளை. சிட்டு விழுந்தபோது நான்தான் தூக்கினேன். தூக்கிக்கொண்டு ஓடினேன். படி இறங்கினேன். தெருவில் வெயில். குழந்தை என் தோளில். என் தோள் நனைந்தது. வீட்டில் மூன்று பேர். சிட்டு விழுந்தபோது நான்தான் தூக்கினேன். படி. தெரு. மழை.

வெயிலா, மழையா?

வெயில். வெயில்தான். நான்தான் தூக்கினேன். நான் கீழே நின்றேன். நின்று பார்த்தேன். இல்லை. தூக்கினேன். என் சட்டை... நான் சட்டை போட்டிருந்தேனா? அவர் சட்டை. ரத்தம். அகன்ற முதுகு. எனக்கு முன்னால் ஓடும் முதுகு.

இல்லை.

வீட்டில் மூன்று பேர்.

யார் யார்?

அவர். சிட்டு. அப்புறம்...

அப்புறம்...

"அம்மா!"

பஞ்சைத் துளைத்துக்கொண்டு வந்தது அந்தக் குரல். வலியில் வந்த குரல். "அம்மா! வலிக்குதும்மா!"

அவள் எழுந்துவிட்டாள். கேட்கக் கூடாது என்று தெரியும். திறக்கக் கூடாது என்று தெரியும். ஆனால் காதுகளிலிருந்து பஞ்சைப் பிடுங்கி எறிந்ததும், காலால் போர்வையை உதைத்துத் தள்ளியதும், தாழ்ப்பாளை இழுத்ததும் அவள் யோசித்துச் செய்த காரியங்கள் அல்ல. குழந்தை கூப்பிட்டது. போனாள். அவ்வளவுதான்.

கூடத்தில் விளக்கு எரிந்தது. சிட்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், நாற்காலியில், ஒருவர் உட்கார்ந்து அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். இப்போது அவரை அவளால் பார்க்க முடிந்தது. அகன்ற முதுகு. முகம் கூந்தலின் மேல் கவிழ்ந்திருந்தது. சிக்கெடுக்கும் சீப்பு மயிரில் மாட்டிக்கொண்டு இழுபட்டது.

"மெதுவாம்மா," என்றாள் சிட்டு, பின்னால் இருப்பவரிடம், தலையைச் சாய்த்துக்கொண்டு. "வலிக்குதுல்ல."

சீப்பு நின்றது. அதைப் பிடித்திருந்த கை அவளுக்குத் தெரிந்த கை. மெலிந்த மணிக்கட்டு. கட்டைவிரல் ஓரமாகப் பிளேடு கிழித்த பழைய கோடு. நகங்களை ஒட்ட வெட்டிவிடும் அவளுடைய பழக்கம். இரண்டு கைகளும், முழங்கைவரை, அந்தப் பெரிய உடம்பில் பொருத்தியதுபோல இருந்தன. அவள் தன் கைகளைக் குனிந்து பார்த்தாள். அங்கே ரேகையே இல்லாத, மடிப்பே இல்லாத, வழவழப்பான ஏதோ ஒன்று அவள் முழங்கையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

கணவன் சமையலறையிலிருந்து வந்தான். அவளைக் கண்டதும் திடுக்கிட்டுப் பின்வாங்கி, குழந்தைக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

"யாருங்க நீங்க?" என்றான். "எப்படி உள்ள வந்தீங்க?"

அவனுக்குப் பின்னால், மகளின் கூந்தலை அவளுடைய விரல்கள் மூன்றாகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னத் தொடங்கின.